மலை இல்லாத பாபநாசம்

எங்கள் படக்களஞ்சியத்தில் ‘ஆடி அமாவாசை’, ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்ற இரண்டு குறிச்சொற்களையும் சேர்த்துத் தேடினால் வரும் படங்களில் ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். இடுப்பளவு தண்ணீரில் ஆண்கள். கரையில் தலை துவட்டும் ஒரு கிழவர். அவருக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை, வரிசையாகக் கடைகள். கீழே யாரோ ‘பாபநாசம்?’ என்று கேள்விக்குறியோடு எழுதி வைத்திருந்தார்கள்.

பாபநாசம் படித்துறையில் அத்தனை கூட்டத்தைப் படம் பிடித்தால் எங்காவது ஒரு மூலையில் பொதிகை மலை எட்டிப் பார்க்கும். இந்தப் படத்தில் தென்னைகளுக்கு மேலே வெறும் வானம். பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டகை முகப்பில் ஒரு பலகை, பாதி எழுத்தைத் தூண் மறைத்திருந்தது. மிச்சம் தெரிந்தது சுழிசுழியாக மலையாள எழுத்து.

நாங்கள் நாலைந்து பேர், நெல்லை வட்டாரத்து வீடுகளில் பரணில் கிடக்கும் படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி வருகிறோம். குறிச்சொல் போடும் வேலை பெரும்பாலும் என் தலையில். ஆகவே துப்பறியும் வேலையும் என்னுடையதே ஆனது.

முதலில் செங்கோட்டையைத்தான் சந்தேகப்பட்டேன். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம் இருந்த ஊர். அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்து நெல்லை மாவட்டத்துக்குள் வந்தது. மலையாளப் பலகைக்கு அது போதும். ஆனால் செங்கோட்டைக்குத் தாமிரபரணி வருவதில்லை, படத்திலோ ‘தாமிரபரணி’ என்ற குறிச்சொல்லும் ஒட்டியிருந்தது. தவிர, மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கும் செங்கோட்டையிலும் மலை இல்லாமல் படம் எடுக்கச் சிரமப்பட வேண்டும்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து தனிக் கோப்பாக வைப்பது எங்கள் வழக்கம். வைப்போமே தவிர, யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறந்தேன். பென்சிலில் மூன்று சொற்கள்: ‘தாமிரபரணி ஆறு, வாவுபலி’.

வாவுபலி! களஞ்சியத்தில் அந்தச் சொல்லைத் தட்டினேன். அப்படி ஒரு குறிச்சொல்லே இல்லை. தட்டிய மாத்திரத்தில் ‘ஆடி அமாவாசை’ என்று மாறி நின்றது.

படம் தந்த பாளையங்கோட்டைக் குடும்பத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சாதாரணமாகச் சொன்னார்: “எங்க ஆச்சிக்குப் பொறந்த ஊரு மார்த்தாண்டம் பக்கம்லா. அது குழித்துறை ஆத்தங்கரை அண்ணாச்சி.”

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு தாமிரபரணி ஓடுகிறது. கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டினத்தில் அரபிக்கடலில் விழும் ஆறு. நம் தாமிரபரணி பொதிகையில் பிறந்து, கிழக்கே புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஒரே பெயர், இரண்டு கடல். வாவு என்றால் அமாவாசை. அந்த நாளில் குழித்துறை ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பலி கொடுப்பதும் கூடவே பொருட்காட்சி நடப்பதும் அவ்வூர்க்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. கடை வரிசைக்கும் கொட்டகைக்கும் கணக்கு சரியாகிவிட்டது.

அப்படியானால் குமரிக் கரையில் குளித்தவர்களை நெல்லை மாவட்டத்துக்கு இழுத்து வந்தது யார்? மென்பொருளின் மாற்றப் பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு விதிகள். ‘வாவுபலி’ என்றால் ‘ஆடி அமாவாசை’தான். ‘தாமிரபரணி’ இருந்தால் ‘திருநெல்வேலி மாவட்டம்’ தானாகச் சேரும். இரண்டையும் எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது. என் பெயர். ஒரே நாள், ஒரே மத்தியானம், ஆறு நிமிட இடைவெளியில். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதியிருப்பேன் போல.

குறிச்சொற்களுக்குள் நாங்கள் வைத்திருந்த உறவு இரண்டே வகை. ஒன்று ‘அதேதான்’: இரண்டு சொல்லும் ஒரு பொருள், ஒன்றைக் கரைத்து மற்றதில் ஊற்றிவிடலாம். ஆங்கிலேயர் எழுதிய ‘டின்னெவெலி’யைத் திருநெல்வேலியில் கரைத்தது இப்படித்தான், அதில் யாருக்கும் நட்டமில்லை. மற்றது ‘அடக்கம்’: முன்னது இருந்தால் பின்னதும் உண்டு. வாவுபலியை அமாவாசையில் கரைத்தபோது, ஊரைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய ஒரே சொல்லை அழித்துவிட்டேன். வாவுபலி ஆடி அமாவாசைக்குள் அடங்கும். ஆடி அமாவாசை எல்லாம் வாவுபலி ஆகாது. காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் அன்றைக்குக் கூடுகிற கூட்டத்திடம் போய் வாவுபலி என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது விதிக்குக் குழித்துறை வரை போக வேண்டியதே இல்லை, நம் ஆற்றிலேயே அது பொய். 1986 அக்டோபர் 20இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் ஆதிச்சநல்லூரும் புன்னைக்காயலும் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆறு மாவட்டத்தில் அடங்காது, மாவட்டம்தான் ஆற்றைத் துண்டு போட்டுக்கொள்கிறது. மாவட்டமும் நிலையாக நிற்பதில்லை. 2019 நவம்பர் 22 முதல் குற்றாலமும் செங்கோட்டையும் தென்காசி மாவட்டம். 1970இல் எடுத்த குற்றாலப் படத்துக்கு எந்த மாவட்டத்தைப் போடுவது?

எங்களில் கணினி தெரிந்த தம்பி ஒரு சோதனை சொன்னான். “அடக்கம்னு எழுதறதுக்கு முன்னால, முன்னது இருந்து பின்னது இல்லாத ஒரே ஒரு படம் காட்டுங்க அண்ணே. காட்டிட்டா விதி செத்துச்சு.” அன்று சாயங்காலம் முழுக்க விதிகளைச் சாகடித்தோம். ‘சுலோசன முதலியார் பாலம்’ இருந்தால் ‘ஆறு’ உண்டா? 1843இல் தாமிரபரணிக்குக் குறுக்கே கட்டிய பாலம், ஆனால் எங்களிடம் இருக்கும் ஒரு படத்தில் பாலத்தின் மேல் நெரியும் பஸ்கள்தான் தெரிகின்றன, சொட்டுத் தண்ணீர் இல்லை. பாலம் ஆற்றின் மேல் இருப்பது ஒரு செய்தி, படத்தில் ஆறு தெரிவது வேறு செய்தி. விக்கிமீடியா பொதுவகம் 2019இல் வழக்கமான பகுப்புகளோடு ‘படத்தில் இருப்பது’ என்று தனிக் கட்டம் கொண்டுவந்ததன் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆதிச்சநல்லூர் இன்னும் மோசம். 1876இல் யாகோர் தோண்டினார், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தங்க நெற்றிப்பட்டத்தைப் படம் எடுத்து ‘ஆதிச்சநல்லூர்’ என்று போட்டால், எங்கள் விதிகள் அதைத் தாமிரபரணிக் கரையில் கொண்டுபோய் வைத்துவிடும். கிடைத்த இடம், இருக்கும் இடம், படம் எடுத்த இடம் மூன்றையும் ஒரே சொல்லில் அமுக்கியதன் பலன் அது.

இடத்தையும் காலத்தையும் பொருளோடு குழப்பாமல் தனித்தனி முகங்களாக வை என்று சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை வழியாக உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தார். நூலகத்தில் படித்தது எனக்குக் களஞ்சியத்தில் மறந்துபோனது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் 2009இல் வெளியிட்ட ஸ்காஸ் என்ற தரத்தில் உஷாராக இருந்திருக்கிறது. ‘இதைவிடப் பரந்தது’ என்ற உறவு சங்கிலியாக நீளும் என்று அதில் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீள வேண்டுமானால் அதற்கு வேறு உறவுப் பெயர். நான் கட்டியது சங்கிலி, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

இப்போது படத்தில் மனிதர் கையால் ஊர் மட்டும் போடுகிறோம். மாவட்டத்தை ஊரையும் ஆண்டையும் பார்த்து மென்பொருள் கணக்கிட்டுக்கொள்கிறது. தாமிரபரணிகள் இரண்டு: ‘தாமிரபரணி, பொருநை’, ‘தாமிரபரணி, குழித்துறை’. மொட்டையாகத் ‘தாமிரபரணி’ என்று தட்டினால் எது என்று கேட்கும். பொருநையை முதல் ஆற்றோடு ‘அதேதான்’ ஆக்கலாம் என்றேன். அந்தப் பெயரில் நெல்லையில் அருங்காட்சியகம் என்று 2021இலேயே அறிவிப்பு வந்ததைத் தம்பி நினைவூட்டினான். விட்டுவிட்டேன். இலங்கையின் பழம்பெயரான தம்பபண்ணியை ஆற்றில் கரைக்கும் யோசனையும் அதோடு போயிற்று. ‘தொடர்பு’ என்று மூன்றாவதாக ஓர் உறவை அவற்றுக்காகத் திறந்தோம்.

கிழவரின் படம் குழித்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. வாவுபலி தன் பெயரில் நிற்கிறது.

மறுநாள் விதிகளைத் துழாவியபோது இன்னொன்று அகப்பட்டது. ‘பாபநாசம்’ இருந்தால் ‘தாமிரபரணி’. அதன் கீழே 11 படங்கள். அவற்றில் ஒன்று வெறும் கோயில் பிராகாரம், பின்பக்கம் ‘பாபநாசம் கோவில்’ என்பதற்கு மேல் எழுத்தில்லை. தஞ்சாவூர் மாவட்டத்திலும் ஒரு பாபநாசம் உண்டு, அந்தக் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. படத்தின் இடது ஓரத்தில் வளைவாக ஏதோ தெரிகிறது. நெற்களஞ்சியத்தின் சுவரா, ஸ்கேனர் மூடியின் நிழலா என்று மூலப்படத்தை வாங்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.