காரைக்கால் ஏன் ஐந்து துண்டாகுது?

ஒரு புரோகிராமில் எந்தெந்த வேரியபிள் அறிவிக்கப்பட்டிருக்குன்னு தேட, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுறோம். 'ஒரு பெயர், அடுத்து சமக்குறி', அவ்வளவுதான் பேட்டர்ன். ஆனா 'பெயர்'னா என்ன? அதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

1951-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி, நரம்பு வலைகளின் கணித மாதிரியை ஆராய்ந்தபோது உருவானது இந்தக் குறியீடு. 1968-ல் கென் தாம்ப்சன் அதை எழுத்துகளுக்குள் தேடும் கருவியாக்கினார். அப்போ பெயர்னா ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு. பிறகு அதுக்குச் சுருக்கமா வந்ததுதான் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ'.

2008-ல் பைத்தான் 3 வந்ததும், வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிஞ்சது. எங்க ஊர்ப் பெயரையே வைங்க: காரைக்கால் = 5. புரோகிராம் ஓடும். அதே பைத்தானின் 'ரீ' மாட்யூலில் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ்' போட்டுத் தேடுங்க. கிடைப்பது க, ர, க, க, ல. துணைக்காலும் ஐகாரக் குறியும் புள்ளியும் காணாமப் போயிடும். யூனிகோட் அவற்றை 'லெட்டர்' வகையில் சேர்க்கலை, 'மார்க்' வகையில் வச்சிருக்கு.

மெய்யெழுத்தின் இயல்பே புள்ளியோடு நிற்பதுதான்னு தொல்காப்பியம் சொல்லுது. இந்தப் பேட்டர்ன் அந்தப் புள்ளியைத்தான் உதறுது. இதை நம்பிப் பெயர் மாற்றும் கருவி எழுதினா, தமிழில் எழுதின மாணவரோட புரோகிராம் சிதையும்.

பைத்தானில் 'ஏஎஸ்டி' மாட்யூலைக் கேளுங்க. பெயரை முழுசா தரும். 2018-க்குப் பிந்தைய ஜாவாஸ்கிரிப்ட்டில் 'லெட்டர்' வகையோடு 'மார்க்' வகையையும் பேட்டர்னில் சேர்த்துக்கலாம்.