மாவலியா, மணலா?

இலங்கையின் ஆக நீளமான ஆறு மகாவலி. 335 கிலோமீற்றர். மலைநாட்டில் பிறந்து, கண்டியைச் சுற்றி, கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. எங்கட ஆட்கள் பலர் இந்தப் பெயரை மாவலிச் சக்கரவர்த்தியோடு முடிச்சுப் போடுவார்கள். வாமனனுக்கு மூன்றடி மண் கொடுத்த அதே மாவலி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பெயர் வந்த வழி வேறு.

பாளியில் இது மகாவாலுகா கங்கை. வாலுகா என்றால் மணல். (தமிழிலும் வாலுகம் என்றால் மணல்தான்.) சிங்களத்தில் அது வெலி. என்னோடு உணவகத்தில் கோப்பை கழுவும் சிங்களத் தம்பியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். ஆக, மஹவெலி கங்க என்றால் பெரிய மணல் ஆறு. நாங்கள் பொருளை விட்டுவிட்டு ஓசையை எடுத்துக்கொண்டோம். வெலி எங்கள் வாயில் வலி ஆயிற்று. பேராதனையில் படிப்பைப் பாதியில் விடும்வரை தினமும் பார்த்த ஆறு இது. தண்ணீர் வற்றினால் மணல் திட்டுக்கள் தெரியும்.

சிங்களத்தில் கங்க என்பது பெரிய ஆறுகளுக்கான பொதுச்சொல். களனி கங்கை, களு கங்கை எல்லாம் அப்படித்தான். 2ஆம் நூற்றாண்டில் தொலமி இலங்கையின் ஆறொன்றுக்குக் கங்கை என்றே பெயர் எழுதினார். அது மகாவலி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மாலுமி பெயரைக் கேட்டிருப்பான், ஊரவன் "ஆறு" என்றிருப்பான். இது என் ஊகம்.

பிறகு ரொபர்ட் நொக்ஸ். 1660இல் இதே கொட்டியாரத்தில் பிடிபட்டு, 19 வருடத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர். 1681இல் இங்கே லண்டனில் அச்சான அவருடைய புத்தகத்தில் இந்த ஆறு "மாவெலகொங்கா". காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார், பாவம்.

இதெல்லாம் பெயர் தானாக உருண்டது. உருட்டப்பட்ட பெயரும் உண்டு. முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை மாவட்டங்கள் சந்திக்கும் பக்கம் மணலாறு. 1984 கடைசியில் அந்தப் பகுதித் தமிழ்க் கிராமங்களில் இருந்து சனங்கள் விரட்டப்பட்டார்கள். சிங்களக் குடியேற்றம் வந்தது. 1988இல் அதை மகாவலி "எல்" வலயம் ஆக்கினார்கள், மகாவலி ஓடாத இடத்தை! மணலாறு, வெலி ஓயா ஆனது. மணலுக்கு வெலி, ஆற்றுக்கு ஓயா. மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் பிடிக்க ஏலாது. இப்போது முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கே அதுதான் பெயர்.