அடுப்படிக்கு ஒரு கதவு



"சோசலிச நாட்டில் நகரத்தைக் கட்டியது அரசாங்கத்தின் திட்டமே" என்று முழங்கிவிட்டு, மாஸ்கோவைச் சாட்சிக்கு அழைத்துப் போனார் எதிரணி நண்பர். நானும் அதே மாஸ்கோவுக்குத்தான் வர்றேன். ஆனா கிரெம்ளினுக்கு இல்லீங்க, அடுப்படிக்கு! (சிரிப்பு)

1917 புரட்சிக்குப் பிறகு பெரிய பெரிய வீடுகளைப் பங்கு போட்டார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை. எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே சமையலறை, ஒரே கழிப்பறை. 'கொம்முனால்கா' என்று அதற்குப் பெயர். கட்டடக் கலைஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மோய்சேய் கின்ஸ்பர்க் குழுவினர் 1930-இல் கட்டி முடித்த நார்கோம்ஃபின் குடியிருப்பில் பொது உணவுக்கூடம் வைத்தார்கள். சின்ன வீடுகளில் முழுச் சமையலறையே கிடையாது. பெண்ணை அடுப்பிலிருந்து விடுவிக்கணும் என்ற நல்ல எண்ணம்தான். அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பெண் கேட்டது வேறு. புருஷனோடு சண்டை போடுவதற்காவது உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு வேணும்னு கேட்டா! (கைதட்டல்)

ஸ்டாலின் 1953-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே குருஷ்சேவ் அலங்காரக் கட்டடங்களைச் சாடினார். இதற்கிடையில் கோர்க்கி நகரத் தொழிலாளர்கள் பொறுக்க முடியாமல் வேலை நேரம் போகத் தாங்களே வீடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்ப்போம் என்று ஆணை வந்தது 1957 ஜூலையில். எது முன்னே, எது பின்னே? நடுவர் கவனிக்கணும்.

தொழிற்சாலையில் சுவரை வார்த்து, கிரேனில் தூக்கி அடுக்கினார்கள். ஐந்து மாடிதான்; அதற்கு மேல் போனால் லிஃப்ட் வைக்கணுமே! நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், கடை. சுவர் மெலிசு, பக்கத்து வீட்டு இருமல் கேட்கும். சமையலறை ஆறு சதுர மீட்டர்கூடத் தேறாது. ஆனாலும் சனங்கள் கொண்டாடிக் குடிவந்தார்கள். மாஸ்கோவின் செரியோமுஷ்கி குடியிருப்பை வைத்து ஷோஸ்டகோவிச் ஓர் இசை நாடகமே எழுதினார், 1959-இல் மேடையேறியது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்தச் சின்ன அடுப்படியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வெளியே பேச முடியாததையெல்லாம் விடிய விடியப் பேசினார்கள். நாட்டு நடப்பை, அரசாங்கத்தை, எல்லாத்தையும். அதற்கு எந்தத் திட்டக்குழுவில் இடம் ஒதுக்கினார்கள் என்று எதிரணி நண்பர் வந்து சொல்லட்டும்.