முற்றத்துக்குப் போன பள்ளிக்கூடம்

சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர் அவங்க அபார்ட்மென்ட் குழந்தைகளுக்கு ப்ளே குரூப் ஆரம்பிக்கப் போறார். டைம்டேபிள் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தார். 9.30 பாட்டு, 9.50 மண் விளையாட்டு, 10.20 கதை. மாசம் ஒருநாள் எங்க தோட்டத்துக்குக் கூட்டிட்டு வரலாமான்னும் கேட்டிருந்தார். தாராளமா வரட்டும். ஆனா அந்த அட்டவணையைப் பார்த்ததும் எனக்குப் பழைய கதை ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

எங்க ஊர்ல அங்கன்வாடியை இன்னமும் 'பால்வாடி'ன்னுதான் சொல்வோம். பால் ஊத்துற இடம் போலன்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். மராத்தியில 'பால்' என்றால் குழந்தை, 'வாடி' என்றால் தோட்டம். 'அங்கன்' என்றால் முற்றம்.

இந்த முற்றத்துக்குப் பின்னாடி ரெண்டு பெண்கள் இருக்காங்க. தாராபாய் மோடக், குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து மாண்டிசோரி முறையில் பாடம் நடத்தியவர். 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரத்தில் இருக்கும் போர்டி கிராமத்தில் குழந்தைகளுக்காக ஒரு மையம் தொடங்கினார். அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். 13 வயசில் கல்யாணம், ஆறே மாசத்தில் விதவை. அதுக்கப்புறம் படிச்சு ஆசிரியையானவர்.

மையம் திறந்தாச்சு, ஆனா ஏழைக் குடியிருப்புக் குழந்தைகள் வரல. நாமளா இருந்தா 'இவங்களுக்குப் படிப்போட அருமை தெரியல'ன்னு சொல்லியிருப்போம். அவங்க அப்படிச் சொல்லல. குழந்தைகள் இருக்கிற குடியிருப்புக்கே போய், வீட்டு முற்றத்தில் வகுப்பு நடத்தினாங்க. அங்கன்வாடின்னு பேர் வந்தது அப்படித்தான்.

வந்த குழந்தைகளை உடனே உக்கார வச்சு எழுத்து சொல்லித் தரல. முதல்ல குளிப்பாட்டி, நகம் வெட்டி, தலை சீவி விடுறதுதான் பாடம். அப்புறம் பாட்டு, கதை, வெளியில ஒரு நடை. மாண்டிசோரி சாமான் விலை கிராமத்துக்குக் கட்டுமா? கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை இதை வச்சே எண்ணவும், பெருசு சிறுசு பிரிக்கவும், நிறம் சேர்க்கவும் பழக்கினாங்க.

1957-ல் மையம் பக்கத்தில் இருக்கும் கோஸ்பாட் மலைக்கு மாறியது. அங்கே வார்லி பழங்குடிப் பிள்ளைகள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரணும்னா வீட்டில கைக்குழந்தையை யார் பார்க்கிறது? அதனால கைக்குழந்தைகளுக்கான காப்பகம், பால்வாடி, ஆரம்பப் பள்ளி மூணையும் ஒரே வளாகத்தில் வச்சாங்க. தம்பியைத் தூக்கிட்டே வா, இங்க விட்டுட்டு நீ பாடம் படி. மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி. ஊரோட வேலையைப் பார்த்துட்டுத்தான் பள்ளியோட நேரத்தைப் போட்டாங்க.

இந்த இடத்தைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சுட்டேன். எங்க அக்கா மூணாங்கிளாஸோட நின்னுடுச்சு. காரணம் நான்தான். அம்மா களை எடுக்கப் போனா என்னை இடுப்புல வச்சுக்க ஒரு ஆள் வேணும். கொஞ்சநேரம் வரப்பு வேம்புல தூளி, மத்த நேரமெல்லாம் அக்கா இடுப்பு. என்னைத் தூக்கிட்டுப் போய் விட ஒரு இடம் அன்னைக்கு எங்க ஊர்ல இல்ல.

1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு அங்கன்வாடின்னே பேர் வச்சது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கிராமங்களில் சத்துணவு தொடங்கினப்போ, பள்ளிப் பிள்ளைகளோட பால்வாடிக் குழந்தைகளுக்கும் தட்டில் சோறு விழுந்தது. களை எடுக்கப் போற அம்மாக்கள் பிள்ளையை விட்டுட்டுப் போக ஒரு திண்ணை கிடைச்சது. அக்காவுக்குத்தான் அது பிந்திப் போச்சு. இன்னைக்கும் பேங்க்ல ஒரு கையெழுத்துப் போட அதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்.

நண்பருக்கு இதைத்தான் எழுதினேன். உங்க அட்டவணை நல்லாவே இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். 9.30-க்கு உங்க பிள்ளைகள் பாட்டுப் பாடுற நேரத்தில், அதே கட்டடத்தில் பாத்திரம் கழுவ வர்ற அம்மாவோட குழந்தை எங்க இருக்கும்? அதை யார் தூக்கிட்டு இருப்பா? அதுக்கும் ஒரு பாய் போட முடியுமான்னு பாருங்க. தோட்டத்துக்கு வரும்போது அந்தப் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் நான் சேர்த்து வைக்கிறேன்.