சதுப்பு நிலமும் இருட்டுப் போர்வையும்

அரபு மொழியில் சதுப்பு நிலத்தை ‘முஸ்தன்கஃ’ என்பர். நீர் ஓரிடத்தில் தேங்கி ஊறி நிற்பதைக் குறிக்கும் ‘நகஅ’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. வேர்ப்பொருளில் இழிவு ஏதும் இல்லை. ஆயினும் இன்றைய அரபு ஏடுகள் ஊழலையும் ஒழுக்கக் கேட்டையும் சுட்ட இச்சொல்லையே எடுத்தாளுகின்றன. ஆங்கிலேயரின் வழக்கும் இதுவே. நிலமென்றும் நீரென்றும் வகைப்படுத்த முடியாத ஒன்றை மனிதன் நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கினான். அவ்வாறு ஐயுறப்பட்ட ஒரு நிலத்தை மிகப்பெரிய பெட்டிக் கேமராவைக் கொண்டு நிதானமாகப் பார்த்த ஒருவரைப் பற்றியும், அக்கேமராவின் பின்னணியில் முஸ்லிம் அறிவியலுக்கு உரிய பங்கின் உண்மையான அளவு பற்றியும் இங்கே ஆராய்வோம்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஃபுளோரிடா மாநிலத்தில், ஒக்கிசோபி ஏரிக்குத் தெற்கே எவர்கிளேட்ஸ் என்னும் ஈரநிலம் பரந்து கிடக்கிறது. அதன் வடமேற்கே அமைந்திருப்பது பிக் சைப்ரஸ் சதுப்புக் காடு. இங்கே நீர் தேங்கி நிற்பதாகத் தோன்றினாலும், கண்ணுக்குப் புலப்படாத சரிவில் மிக மெல்ல நகர்ந்துகொண்டேயிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் படையுடன் நடந்த போர்களின்போது செமினோல் மக்கள் இச்சதுப்புகளுக்குள் புகுந்தே தம்மைக் காத்துக்கொண்டனர். அவர்களுக்குப் புகலிடமாக விளங்கிய அதே நிலம் அரசாங்கத்தின் கண்ணுக்குப் பாழ்நிலமாகப் பட்டது. வடித்து உலர்த்தி விளைநிலமாக்கவேண்டும் என்னும் நோக்கில், 1850ஆம் ஆண்டின் சட்டமொன்று சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கியது. 1881இல் ஹாமில்டன் டிஸ்டன் என்னும் தொழிலதிபர் ஏக்கர் ஒன்றுக்கு 25 காசு வீதம் நாற்பது இலட்சம் ஏக்கரை ஃபுளோரிடாவில் விலைக்கு வாங்கினார். 1905இல் ஆளுநர் பதவியேற்ற புரோவார்ட் எவர்கிளேட்ஸை வடித்தே தீர்வதாக வாக்களித்தவர். 1928இல் முடிவுற்ற டாமியாமி நெடுஞ்சாலை நீரோட்டத்தின் குறுக்கே ஓர் அணைபோலவே அமைந்துவிட்டது.

மலைகளின் கதை வேறு. 1861இல் கார்லட்டன் வாட்கின்ஸ் என்பவர் ஏறத்தாழ 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிச் சென்று யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் படம் பிடித்தார். 1864இல் லிங்கன் அப்பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டதற்கு அப்படங்களும் ஒரு காரணம் என்பர். 1871இல் ஜாக்சன் எடுத்த யெல்லோஸ்டோன் படங்களைத் தொடர்ந்து, மறு ஆண்டே அந்நிலம் தேசியப் பூங்காவாயிற்று. மலைக்குச் சிகரம் உண்டு, அருவி உண்டு. பார்த்தவுடன் வியப்பு எழுகிறது. சதுப்புக்கோ சொல்லிக்கொள்ள உயரமே இல்லை. எவர்கிளேட்ஸ் 1947இல்தான் தேசியப் பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டது. அதுவும் காட்சியழகுக்காக அன்று, அங்கு வாழும் உயிரினங்களின் பொருட்டே. பிக் சைப்ரஸ் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1968இல் அதன் நடுவே ஒரு மாபெரும் விமான நிலையம் கட்டத் தொடங்கினர். கடும் எதிர்ப்பால் ஒரே ஓர் ஓடுபாதையோடு அப்பணி நின்றது. 1974இல் ஏறத்தாழ ஐந்து இலட்சத்து எழுபதாயிரம் ஏக்கர் பரப்பு தேசியக் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது.

கிளைடு புட்சர் இங்கு வந்து சேர்ந்தது இதற்குப் பின்னரே. 1942இல் பிறந்த இவர் கட்டடக்கலை பயின்றவர். வண்ணப் படங்களைப் பெருமளவில் விற்றுப் பொருளீட்டியவர். 1986இல் குடிபோதையில் வாகனம் ஓட்டிய ஒருவரால் இவருடைய பதினேழு வயது மகன் உயிரிழந்தான். அத்துயருக்குப் பின் வண்ணப்படத் தொழிலைக் கைவிட்டுச் சதுப்புக்குள் நுழைந்தார். அன்றுமுதல் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்தார். பின்னர்ப் பிக் சைப்ரஸின் நடுவே, டாமியாமி நெடுஞ்சாலையோரம் உள்ள ஓச்சொப்பியில் தம் படக்கூடத்தை அமைத்தார். துயருற்றவர் மலையுச்சியை நாடுவதைக் கதைகளில் படித்திருக்கிறோம். இவரோ இடுப்பளவு நீரில் போய் நின்றார்.

அவர் ஏந்திச் சென்றது பெருவடிவக் கேமரா. முன்னே வில்லை, பின்னே மங்கல் கண்ணாடி, இரண்டையும் இணைக்கும் துருத்தி ஆகிய இவ்வளவே அதன் உறுப்புகள். ஃபிலிம் சுருளாக வருவதில்லை. ஒரு படத்துக்கு ஒரு தாள். அத்தாளின் அளவு 8க்கு 10 அங்குலம். சிலவேளை 11க்கு 14, இன்னும் சிலவேளை 12க்கு 20 அங்குலம். வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு கட்டத்தோடு ஒப்பிட்டால் 8க்கு 10 அங்குலத் தாள் ஏறத்தாழ அறுபது மடங்கு பெரியது. இவ்வளவு பெரிய கருவி எதற்கு என்று கேட்கத் தோன்றும். விடை சதுப்பின் இயல்பிலேயே உள்ளது. அங்கே கண்ணை நிறுத்த ஒரு மையம் இல்லை. கிளைமேல் கிளை, பெரணிமேல் பெரணி, அவற்றின் நிழல் நீரில் மீண்டும் ஒருமுறை. சிறு கேமராவில் இவை யாவும் ஒரே குழப்பமாகக் கலந்துவிடும். பெரிய தாளிலோ ஒவ்வோர் இலையும் தனித்து நிற்கும். அதனாற்றான் புட்சர் தம் படங்களை ஐந்தடிக்கு எட்டடி அளவுவரை பெரிதாக்க முடிந்தது. அவற்றின் முன் நிற்பவர் ஒரு படத்தைப் பார்ப்பதாக அன்றி, ஓரிடத்துக்குள் நுழைவதாகவே உணர்வார்.

வில்லையைச் சற்றே முன்சாய்த்தால், காலடியில் உள்ள புல் முதல் தொலைவில் உள்ள மரம்வரை நீர்ப்பரப்பு முழுவதும் ஒருங்கே தெளிவு பெறும். 1904இல் ஆஸ்திரியப் படை அலுவலர் ஷைம்ப்ஃபிளக் காப்புரிமை பெற்ற நெறி இது. ஒளி புகும் துளையை மிகச் சிறிதாக்கவும் வேண்டும். அப்போது ஒளி குறைந்து, படம் பதியப் பல நொடிகள் ஆகும். அந்நொடிகளில் ஓர் இலை அசைந்தாலும் தாள் வீண். முக்காலியின் கால்கள் சேற்றில் புதைந்து நிலைகொள்ளவேண்டும், தாம் நடந்து கலக்கிய நீரின் அலை அடங்கவேண்டும், காற்றும் ஓயவேண்டும். இக்கருவியில் அவசரத்துக்கு இடமே இல்லை.

அந்த மங்கல் கண்ணாடியைப் பார்க்கப் படமெடுப்பவர் தலையோடு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்கிறார். உள்ளே அவர் காண்பது தலைகீழான காடு: வானம் கீழே, நீர் மேலே, இடம் வலமாக மாறியிருக்கும். துணியின் கீழ் உருவாகும் அச்சிறு இருளைத்தான் இப்னுல் ஹைதம் ‘அல்பைத்துல் முள்லிம்’, இருண்ட அறை, என்றார். ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்தவர் அவர். பழைய புவியியலாளர் ‘அல்பதாயிஹ்’ என்று குறித்த ஈராக்கின் பெருஞ்சதுப்புகள் அந்நகரின் அண்மையிலேயே இருந்தன. தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில், இருண்ட அறையின் துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்துச் செய்த சோதனையை அவர் விவரிக்கிறார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான ஒளிப்புள்ளி மட்டுமே மறைகிறது. ஒளிகள் ஒரே துளையில் சந்தித்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற யூக்ளிடின் கொள்கையை மறுத்து, பொருளிலிருந்தே ஒளி கண்ணை வந்தடைகிறது என்று நிறுவியவரும் அவரே. கிரகணத்தின் வடிவம் பற்றிய தனிநூலில், துளை சிறிதானால் ஒளியுரு பிறைவடிவாகவும் பெரிதானால் வட்டமாகவும் விழும் காரணத்தை ஆய்ந்தார்.

ஆனால் ‘கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம்’ என்றும், ‘கம்ரா’ என்னும் அரபுச் சொல்லே கேமரா ஆயிற்று என்றும் நம்மவர் மேடைகளில் முழங்குவதை நாம் ஏற்பதற்கில்லை. கேமரா என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. துளைவழி ஒளியுருவை அவருக்கு முன்பே சீனரும் கிரேக்கரும் கண்டிருந்தனர். கண்ணுக்குள் உரு தலைகீழாக விழும் என்பதை அவரே ஏற்கவில்லை. உரு நேராகவே நிற்க வழிதேடி ஒரு விளக்கம் அமைத்தார். அதைத் திருத்தி, விழித்திரையில் உரு தலைகீழாகவே விழுகிறது என்று 1604இல் காட்டியவர் கெப்ளர். அந்தக் கெப்ளரின் கைக்கு ஒளியியல் வந்துசேர்ந்த வழியில், 1572இல் பாஸல் நகரில் அச்சேறிய இப்னுல் ஹைதமின் இலத்தீன் பெயர்ப்பு இருந்தது. அவருடைய சிறப்புக்கு இதுவே போதும். இல்லாத பட்டத்தைச் சூட்டினால் இருப்பதன்மேலும் ஐயம் விழும்.

உருவை வெள்ளி உப்பில் நிலைக்கச் செய்யும் கலை 1839இல் வெளிவந்தபின் எழுந்த ஃபிக்ஹு விவாதத்தையும் இவ்விடத்தே நினைவுகூரலாம். 1914இல் எகிப்தின் முஃப்தியான முஹம்மத் பகீத் அல்முதீஈ, ஒளிப்படம் எடுப்பது உருவம் படைப்பதன்று, ‘ஹப்ஸுள் ளில்’, அதாவது நிழலைத் தடுத்து நிறுத்துவதே, என்று வாதிட்டார். எல்லா அறிஞர்களும் இதனை ஏற்றனர் என்பதற்கில்லை. மரமும் நீருமே நிறைந்த படங்களுக்கு இவ்விவாதம் தேவையும் இல்லை. உயிரற்றவற்றையும் மரங்களையும் வரைவதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கூற்றிலேயே இடமுண்டு. எனினும் சேற்றில் நின்று நீரிலாடும் நிழல் அடங்கக் காத்திருப்பவரின் செயலுக்கு முஃப்தியின் சொல்லைவிடப் பொருத்தமான பெயர் நமக்குக் கிட்டவில்லை.

புட்சரைப் பற்றியும் மிகைபடச் சொல்லத் தேவையில்லை. அவருடைய படங்கள் பிக் சைப்ரஸைக் காப்பாற்றவில்லை. அது முன்பே சட்டத்தால் காக்கப்பட்டுவிட்டது. காக்கப்பட்டது எது என்பதை மக்கள் கண்ணால் கண்டது அவரால். மியாமியிலிருந்து நெடுஞ்சாலை வழியே விரையும் பலர் சதுப்பைச் சாளரத்துக்கு வெளியே ஓடும் பச்சைச் சுவராகவே அறிந்திருந்தனர். அவர்களில் சிலர் படக்கூடத்தில் இறங்கி, பின்னர்க் காலணியுடன் நீருக்குள்ளும் இறங்கினர்.

2017இல் பக்கவாதம் தாக்கியபின் பெரிய கேமராக்களைச் சுமப்பது அவருக்கு இயலாதாயிற்று; எடை குறைந்த டிஜிட்டல் கேமராவுக்கு மாறினார். 1968இல் தொடங்கிப் பாதியில் விடப்பட்ட விமான நிலையத்தின் ஓடுபாதை சைப்ரஸ் மரங்களுக்கிடையே 10,500 அடி நீளத்துக்கு அப்படியே கிடந்தது. 2025ஆம் ஆண்டு ஃபுளோரிடா அரசு அதன்மீது குடியேறிகளுக்கான தடுப்பு முகாம் ஒன்றை அமைத்தது. சூழலியல் அமைப்புகளும் அச்சதுப்பில் வாழும் மிக்கொசுக்கி மக்களும் அதனை எதிர்த்து வழக்காடினர்.