திருவிதாங்கூர் மென்ற புகையிலை

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் புகையிலை போடுவதும் போடாதிருப்பதும் குடிகளின் விருப்பமாகவும், அதை யாரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்பது அரசின் விருப்பமாகவும் இருந்தன. மிளகைப் போலவே புகையிலையும் அரசின் ஏகபோகமாக, அதாவது அரசையன்றிப் பிறர் விற்கக்கூடாத சரக்காக, வைக்கப்பட்டிருந்தது. அங்கே பெரிதும் விரும்பப்பட்ட இலை யாழ்ப்பாணத்திலிருந்து தோணிகளில் வந்தது. ஆட்டுப்பட்டி அடைத்து எருவேற்றிய தோட்டங்களில் துலாவால் நீரிறைத்து வளர்த்து, பொச்சுமட்டைப் புகையூட்டிப் பதப்படுத்திய அந்தக் காரமான இலை, புகைப்பதைவிட வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் சேர்த்து மெல்லுவதற்கே பெயர்பெற்றிருந்தது.

கொள்முதல் விலைக்கும், அரசின் சரக்கறையான பண்டகசாலையில் விற்ற விலைக்கும் இடையே இருந்த அகன்ற வேறுபாடு கருவூலத்தை நிரப்பியது என்றால், எல்லை கடந்த கள்ளக்கடத்தலுக்கு ஊட்டமளித்ததும் அதே வேறுபாடுதான். வடக்கே ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியிலிருந்த மலபாரில் 1853இல் புகையிலை ஏகபோகம் கைவிடப்பட்ட பிறகு, பக்கத்திலேயே அதைக் கட்டிக்காப்பது திருவிதாங்கூருக்கு மேலும் கடினமாயிற்று. திவான் மாதவ ராவ் 1863இல் அதை நீக்கி, அதன் இடத்தில் இறக்குமதித் தீர்வையை வைத்தார். மெச்சத்தக்க சீர்திருத்தம்தான், எனினும் அது வணிகக் கணக்கில் பிறந்ததே அன்றி, மெல்லுபவரின் உடல்நலத்தை எண்ணிப் பிறந்ததன்று.

அந்த எண்ணம் மருத்துவமனையிலிருந்து வந்தது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் நடத்திய மருத்துவமனையின் மருத்துவர் பெந்தால், தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். அதே நெய்யூரிலிருந்து மருத்துவர் ஓர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சுருளைக் கொடுப்பில், அதாவது கன்னத்துக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில், நெடுநேரம் அடக்கி வைப்பது வழக்கம். புண்ணும் கட்டியும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தோன்றுவதால், காரணத்தைக் கண்டறிய நுண்ணோக்கியைவிட நோயாளியின் வாயைத் திறந்து பார்ப்பதே பெரிதும் உதவியிருக்கும். சிகரெட்டையும் நுரையீரல் புற்றையும் இணைத்த புகழ்பெற்ற மேலைநாட்டு ஆய்வுகள் 1950இல்தான் வந்தன என்பதை நினைத்தால், நெய்யூருக்குப் புகையிலை வரலாற்றில் இன்னும் உரிய இடம் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சட்டம் வேறு வழியில் நடந்தது. கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12 அன்று, பொது இடத்தில் புகைப்பது அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 268ஆம் பிரிவு கூறிய பொதுத்தொல்லை என்றும், அருகில் நிற்பவருக்கு அரசியலமைப்பின் 21ஆம் கூறு அளிக்கும் உயிர்வாழ்வு உரிமையை அது மீறுகிறது என்றும் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றத்தின் 2001ஆம் ஆண்டு ஆணையும், நாடு முழுவதற்குமான 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின் வந்தன. புகைப்பவரின் உரிமையை மறுக்காமலே அதற்கு எல்லை கட்டியதில் இந்த வாதத்தின் வலிமை இருக்கிறது. ஆனால் மெல்லுபவர் தம் கொடுப்பில் அடக்கிய புகையிலை அடுத்தவரின் மூச்சைத் தொடுவதில்லையாதலால், திருவிதாங்கூரின் பழைய பழக்கம் அந்த எல்லைக்கு அப்பாலேயே நின்றது. அதை எட்ட அரசு உணவுச் சட்டத்தை நாட வேண்டியிருந்தது: எந்த உணவுப்பொருளிலும் புகையிலையோ நிகோட்டினோ சேரக்கூடாது என்ற 2011ஆம் ஆண்டு விதியைக் கொண்டு, குட்கா ஓர் உணவு என்ற அடிப்படையில் கேரளம் 2012 மே மாதத்தில் அதைத் தடைசெய்தது; ஆனால் பாக்கோ சுவையூட்டிகளோ கலவாத வெறும் இலை உணவென்று கொள்ளப்படாததால் அந்த விதியின் பிடிக்கு வெளியே நின்றது.