கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஓடை

பாடம் செய்த மீனுக்குக் கீழே மணலும் கூழாங்கல்லும் பரப்பி ஓடைப் படுகை அமைக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருப்பெற்றது. அதற்கு நூறாண்டு முன்பு, 1740-களில், ஹாலந்தின் லைடன் நகரைச் சேர்ந்த குரோனோவியஸ் மீனின் ஒரு பக்கத் தோலை மட்டும் உரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிவைக்கும் முறையை வெளியிட்டிருந்தார். செடிகொடிகளை அழுத்தி ஏட்டில் சேர்ப்பது போன்ற வேலை அது. செதிலையும் துடுப்பு முள்ளையும் எண்ணுவதற்கு அது போதும். மீன் வாழ்ந்த இடத்துக்கு அந்தத் தாளில் வேலையில்லை.

அந்த இடத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்ததில் மீன்தொட்டிக்குப் பெரும் பங்குண்டு. லண்டன் விலங்குக்காட்சி சாலையில் 1853-இல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ வெளிவந்து, வீட்டுக் கூடத்தில் தொட்டி வைக்கும் மோகம் பரவியது. கரையில் நின்று மேலிருந்தே மீனைப் பார்த்துப் பழகியவர்கள், இப்போது அதன் கண்மட்டத்தில் நின்று, கல்லும் பாசியும் சூழ அதைப் பார்த்தார்கள். கண்ணாடி மீதான வரி 1845-இலேயே நீங்கியிருந்ததால் பெட்டி செய்வதும் எளிதாயிற்று.

வாங்குவதற்கும் ஆள் இருந்தது. ரயில் வந்தபின் லண்டன்வாசிகள் விடுமுறை நாளில் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போனார்கள். தூண்டில்காரர் சங்கங்கள் மதுவிடுதிகளில் கூடின. பிடிபட்ட பெரிய மீன் அந்த விடுதிச் சுவரிலேயே பெட்டிக்குள் தொங்கியது. லண்டனின் ராட்னர் தெருவில் இருந்த ஜே. கூப்பர் அண்ட் சன்ஸ் பட்டறை இவ்வகையில் பெயர்பெற்றது. முன்கண்ணாடி வெளிப்புறம் வளைந்திருக்கும். எடை, இடம், நாள் எல்லாம் பொன்னெழுத்தில் மின்னும். பின்பலகையில் வெளிர்நீலமோ பச்சையோ பூசியிருப்பார்கள். அடியில் காகிதக் கூழையோ பிளாஸ்டரையோ மேடுபள்ளமாக அப்பி, பசை தடவி, மணலும் சரளையும் தூவி, சாயமேற்றிய காய்ந்த புல்லை நட்டுவைப்பார்கள். தண்ணீரைக் காட்ட யாரும் முயலவில்லை. படுகையையும் புல்லையும் கண்டு பார்ப்பவரே மனத்தில் நீரை நிரப்பிக்கொண்டார். அடக்கமான, அழகான தீர்வு அது.

ஆனால் அந்தப் படுகை ஆற்றைவிடப் பட்டறையையே அதிகம் காட்டியது. தரை அமைப்பையும் பின்னணி வண்ணத்தையும் வைத்தே ஒரு பெட்டி யாருடைய கைவேலை என்று சேகரிப்பாளர்கள் இன்றும் கணிக்கிறார்கள்.

குறிப்பிட்ட ஓர் இடத்தை அப்படியே எடுத்துவந்து காட்டும் எண்ணம் அருங்காட்சியகங்களில் வளர்ந்தது. லெஸ்டர் அருங்காட்சியகத்தின் மாண்டேகு பிரவுன் 1896-இல் எழுதிய நூலில் உடலமைப்புக்கு இணையாக இலை, தரை அமைப்பையும் கலையாகவே நடத்தினார். அமெரிக்காவின் மில்வாக்கியில் கார்ல் ஏக்லி 1890-இல் முடித்த கஸ்தூரி எலிக் காட்சி சதுப்புநிலத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் அமைந்தது. நீருக்கு மேலே நடப்பதும் கீழே நடப்பதும் ஒரே பார்வையில் தெரியும். இதன் உச்சம் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1935-இல் திறந்த ஆண்ட்ராஸ் பவளப்பாறைக் காட்சி. அதற்காகப் பஹாமாஸ் கடலிலிருந்து சுமார் 40 டன் பவளம் எடுத்துவரப்பட்டது.

கடலுக்கு இவ்வளவு என்றால், ஓடைக்கு அளவு சிறிது, நுணுக்கம் அதிகம். ஓடும் நீர் கற்களைத் தரம் பிரித்துப் போடுகிறது: வேகமான இடத்தில் பருங்கல் நிற்கும், வேகம் தணியும் இடத்தில் குறுமணல் படியும். பெரிய கல்லின் முன்புறம் அரிக்கப்பட்டுக் குழியாகும். பின்புறம் மணல் வால்போல் நீளும். நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ட்ரௌட், நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து, இப்படியான கல்லை ஒட்டியே நிற்கும். பைக் மீனுக்கு நாணலும் சேறும் வேண்டும். கல்லை மேலே ஒட்டினால் பொய் தெரிந்துவிடும். பாதி புதைத்தால்தான் வெள்ளம் கொண்டுவந்து போட்ட கல்லாகத் தோன்றும். நனைந்த கல் கறுத்துத் தெரிவது, மேலிருக்கும் நீர்ப்படலம் ஒளிச் சிதறலைக் குறைப்பதால். அதே மாற்றத்தை வார்னிஷ் தருகிறது. அதனால் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள கல்லுக்கு மட்டும் அதைப் பூசுவது முறை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கம்பிவலை, சாக்குத்துணி, பிளாஸ்டர் இருந்த இடத்துக்கு நுரைப்பஞ்சும் ஃபைபர்கிளாஸும் வந்தன. எடை குறைந்தது, ஆற்றுக்கல்லை அச்செடுத்து உள்ளீடற்ற கல்லாக வார்க்கவும் முடிந்தது. தெளிந்த ரெசின் வந்ததும் தண்ணீரையே ஊற்றிக்காட்டும் ஆசை பிறந்தது. இறுகும்போது ரெசின் சூடேறும். ஒரேயடியாக ஊற்றினால் வெடிக்கும். எனவே மெல்லிய அடுக்குகளாக ஊற்றுகிறார்கள். மரக்கட்டையை முன்னதாக அடைத்துப் பூசாவிட்டால் அதிலிருந்து காற்றுக்குமிழிகள் கிளம்பும். வெயில் பட்டால் ரெசின் நாளடைவில் மஞ்சள் பூக்கும்.

பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடும் பழக்கம் பரவியபின், நீளமும் சுற்றளவும் அளந்த குறிப்பையும் புகைப்படத்தையும் வைத்து ஃபைபர்கிளாஸ் மீன் வார்க்கப்படுகிறது. அத்தகைய மீனில் தோலோ முள்ளோ கிடையாது. தூண்டில் போட்ட இடத்தில் பொறுக்கிய கல்லும் மணலும் அடியில் இருந்தால், அவை மட்டுமே அந்த ஆற்றிலிருந்து வந்தவை.